பந்தும் பாலும்

கொலம்பஸ் 1492இல் அமெரிக்காவைக் 'கண்டுபிடித்தார்' என நாம் கற்ற நூல்கள் கூறின. ஆங்கு முன்னரே வாழ்ந்தோர் கண்டுபிடித்தவை யாவை என அவை கூறவில்லை. நம் சிறார்க்கேனும் இப்பாடத்தை இறப்பர்ப் பந்திலிருந்து தொடங்கலாம் என்போம். அவருக்கு ஏறத்தாழ 3,000 ஆண்டுகட்கு முன்னரே மெக்சிக்கோவின் ஆதிக்குடிகள் மரப்பாலைக் கொடிச்சாற்றுடன் கலந்து துள்ளும் பந்து சமைத்தனர். நம் சப்பிரகமுவத் தோட்டத்து இறப்பர் வேறு மரமெனினும் அதுவும் அமெரிக்கச் செல்வமே. 1876இல் விக்கம் என்னும் ஆங்கிலேயர் அமேசன் கரையினின்று ஏறத்தாழ 70,000 வித்துக்களை இலண்டனுக்குக் கொண்டேகினார். அவ்வாண்டே நாற்றுக்கள் நம் ஹெனரத்கொடைக்கு வந்தன. காட்டுக்குரிய குடிகளுட் பலரோ ஆங்கு இறப்பர் வணிகர்க்கு அடிமைகளாயினர். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் விடியலிற் சிரட்டையேந்திப் பால்வெட்டிய நம் மக்களுள் மிகப் பலர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமையின்றி நின்றனர். சிலர்க்கு அது 2003ஆம் ஆண்டுவரை கிட்டவில்லை.