மாணவர் நூல், ஆய்வாளர் நூல்: ஒரு தவறான பாகப்பிரிவினை

கல்லூரிப் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு தாளின் கடைசியிலும் இரண்டு பட்டியல்கள் இருக்கும். ஒன்று பாடநூல்கள், மற்றது பார்வை நூல்கள். முதலாவது மாணவருக்கு, இரண்டாவது ஆசிரியருக்கும் ஆய்வாளருக்கும் என்பது எழுதாத சட்டம். நூலகத்திலும் இதே பாகப்பிரிவினைதான். ஒரு வரிசையிலிருந்து வீட்டுக்கு எடுத்துப் போகலாம்; மற்ற வரிசையை அங்கேயே உட்கார்ந்து புரட்ட வேண்டும்.

புறப்பரப்பு வேதியியல் நூல்களை வாங்கும்போது இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில் யாருக்கும் தயக்கம் இருப்பதில்லை. ஒல்லியாக இருக்கிறதா, தலைப்பில் ‘அறிமுகம்’ என்று இருக்கிறதா, பயிற்சிக் கணக்குகள் உண்டா, அப்படியானால் மாணவருக்கு. தடிமனாக, மேற்கோள்கள் நிறைந்து, புதிய பதிப்பாக இருந்தால் ஆய்வாளருக்கு. வேறு துறைகளில் இந்த அளவுகோல் எப்படியோ, இந்தத் துறையில் அது பொருந்தவில்லை. ஒவ்வொரு வாதமாக எடுத்துக்கொள்வோம்.

முதல் வாதம்: ஒல்லி நூல் மாணவருக்கு, தடித்த நூல் ஆய்வாளருக்கு.

அட்டார்டும் பார்ன்ஸும் எழுதி 1998-ல் ஆக்ஸ்ஃபோர்டு வேதியியல் கையேட்டு வரிசையில் வந்த ‘சர்ஃபேசஸ்’ நூறு பக்கத்தை ஒட்டிய நூல். இளங்கலை மாணவரை மனத்தில் வைத்து வந்த வரிசை அது. ஆனால் அத்தனை சிறிய இடத்தில் படிகப் பரப்பின் அமைப்பு, எலக்ட்ரான் விளிம்பு விலகல், ஒளி எலக்ட்ரான் நிறமாலை எல்லாவற்றையும் அடைக்கும்போது ஒவ்வொரு வரியும் வேறொரு நூலின் ஒரு பத்தியாகக் கனக்கிறது. மில்லர் குறியீடுகளில் கை பழகாத மாணவர் தொடக்கத்திலேயே திணறுவார். பத்தாண்டு கூழ்மங்களோடு பழகிவிட்டு முதன்முறையாக வெற்றிட அறையின் பக்கம் வரும் ஆய்வாளருக்கோ இரண்டு மாலைப் பொழுதில் படித்து முடிக்கத் தோதான நூல் அது.

மறுபக்கம் ஆடம்சனின் ‘ஃபிசிக்கல் கெமிஸ்ட்ரி ஆஃப் சர்ஃபேசஸ்’. 1960-ல் முதலில் வந்தது. ஆலிஸ் காஸ்ட் துணையாசிரியராகச் சேர்ந்த ஆறாம் பதிப்பு 1997-ல் வந்தது. 700 பக்கங்களுக்கு மேல். பார்வை நூல் வரிசையில் தூசி படிந்து கிடப்பது பெரும்பாலும் இதுதான். பிரித்துப் பார்த்தால் நுண்குழாயில் நீர் ஏன் ஏறுகிறது, சொட்டின் எடையிலிருந்து பரப்பு இழுவிசையை எப்படிக் கணக்கிடுவது என்று நிதானமாக ஆரம்பிக்கிறது. விளக்கிச் சொல்வதால்தான் அந்த நூல் தடித்தது. அரையாண்டுப் பருவத்தில் ஓர் அலகுக்குக் கிடைக்கும் சொற்ப மணி நேரத்தில் இதை முழுக்கப் படிக்க முடியாது என்பது உண்மை. இளங்கலை மாணவரிடம் முதல் நாளே இதைத் தூக்கிக் கொடுப்பதும் வன்மம்தான். ஆனால் அது நேரத்தைப் பற்றிய ஆட்சேபம். நுண்குழாய் பற்றிய ஓர் அத்தியாயத்தை மட்டும் படிக்கச் சொல்வதை எது தடுக்கிறது?

இரண்டாவது வாதம்: தலைப்பே சொல்லிவிடும்.

சோமோர்ஜாயின் 1994 நூலின் தலைப்பு ‘புறப்பரப்பு வேதியியலுக்கும் வினையூக்கத்துக்கும் ஓர் அறிமுகம்’ என்று பொருள்படும். 600 பக்கங்களைத் தாண்டிய அறிமுகம் அது. தரவு அட்டவணைகள் நிறைந்தது. டங்கன் ஷா 1966-ல் எழுதிய நூலின் தலைப்பிலும் ‘அறிமுகம்’ உண்டு; அது உண்மையிலேயே கையைப் பிடித்து அழைத்துப் போகும் நூல்.

இந்த இரண்டு ‘அறிமுகங்களையும்’ அருகருகே வைத்தால் அளவைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று தெரியும். ஷாவின் பரப்பு ஈரமானது: பால், சோப்பு நுரை, களிமண், நீரில் மிதக்கும் துகள். சோமோர்ஜாயின் பரப்பு பெரும்பாலும் உலர்ந்தது, துடைத்து வைத்தது: பிளாட்டினம், இரும்பு, ரோடியம் படிகங்கள். அந்தப் பரப்பைத் துடைத்த நிலையில் வைத்திருப்பதே பெரும் பாடு. ஒரு டாரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அழுத்தம்தான் மிஞ்சியிருக்கிறது என்றாலும், மோதும் மூலக்கூறெல்லாம் ஒட்டிக்கொண்டால் ஏறக்குறைய ஒரு வினாடியில் பரப்பு முழுக்க மூடிவிடும். அழுத்தத்தை அதிலும் பத்தாயிரம் மடங்கு குறைத்தால்தான் வேலை செய்ய இரண்டு, மூன்று மணி நேரம் கிடைக்கும். ஷாவின் நூலில் இந்தக் கவலைக்கு இடமில்லை. சோமோர்ஜாயின் உலகத்தில் இந்தக் கவலை இல்லாமல் எதுவுமில்லை.

புறப்பரப்பு வேதியியல் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு மரபுகள் வாழ்கின்றன. சாயக் கழிவுநீரைக் கரியால் தெளியவைக்க முயலும் ஆய்வாளருக்கு வெற்றிடத்தில் நடந்த ரோடியம் சோதனைகளால் ஆவது சொற்பம். அம்மோனியா வினையூக்கியில் இறங்கும் மாணவருக்கு நுரையின் நிலைப்புத்தன்மையால் ஆவதும் அவ்வளவே. இந்த நூல் எந்தப் பரப்பைப் பற்றியது என்பதை முதலில் கேட்க வேண்டும். நம் பட்டியல்களோ அதைக் கேட்காமல் வாசகரின் தகுதியை விசாரித்துக்கொண்டிருக்கின்றன.

மூன்றாவது வாதம்: பயிற்சிக் கணக்கு இருந்தால் அது மாணவர் நூல்.

இஸ்ரேலாச்விலியின் ‘இன்டர்மாலிக்யூலர் அண்ட் சர்ஃபேஸ் ஃபோர்சஸ்’ 1985-ல் வந்தது. மைக்காத் தகடுகள் இரண்டை அணு அளவு இடைவெளி வரை நெருக்கி, அவற்றுக்கிடையே உள்ள விசையை நேரடியாக அளக்கும் கருவியைச் செம்மைப்படுத்தியவர் அவர். கூழ்மம், உயிர்ச்சவ்வு, உராய்வு என்று எந்தப் பக்கம் போனாலும் ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டும் நூல் அது. 2011-ல் வந்த மூன்றாம் பதிப்பில் அத்தியாயங்களின் இறுதியில் கணக்குகளும் விவாதத் தலைப்புகளும் இருக்கின்றன. ஆடம்சனிலும் கணக்குகள் உண்டு. வாசித்தது புரிந்ததா, புரிந்த மாதிரி இருந்ததா என்று கண்டுபிடிக்க மலிவான வழி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பதுதான். முனைவர் பட்டம் வாங்கியபின் அந்தச் சோதனை தேவைப்படாது என்று நினைப்பவர்களைப் பற்றித்தான் அடுத்த வாதம்.

நான்காவது வாதம்: அடிப்படை மாணவருக்கு, ஆய்வாளருக்கு உயர்நிலைப் பாடம் போதும்.

இந்த வாதத்தால் விளையும் சேதமே அதிகம் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஒருமுறை ஓர் ஆய்வு மாணவர் தாளோடு வந்தார். கொட்டாங்குச்சிக் கரியில் மெத்திலீன் நீலம் ஏறும் வேகம். “சார், ஆர் ஸ்கொயர் 0.999 வந்திருக்கு. போலி இரண்டாம் படி வினைதான். அதனால இது வேதிப் பரப்புக் கவர்ச்சி.” அந்த வரைபடத்தின் கிடை அச்சில் நேரம், செங்குத்து அச்சில் நேரத்தை ஏறிய சாயத்தின் அளவால் வகுத்த எண். நேரம் இரண்டு அச்சிலும் இருக்கிறது. சாயம் ஏறி முடிந்து அளவு மாறாமல் நின்றபின் செங்குத்து அச்சு என்பது நேரத்தை ஒரு மாறிலியால் வகுத்ததுதான். கோடு நேராக வராமல் வேறு எப்படி வரும்? நேராக வந்ததை வைத்துப் பிணைப்பின் இயல்பைச் சொல்ல முடியாது. இதை விளக்கியதும் அவர் சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது: “இதெல்லாம் பி.எஸ்ஸி. பாடம்தானே சார், அந்தப் புக்கைத் திரும்ப எடுக்கவே இல்ல.”

லாங்மியூர் சமவெப்பக் கோட்டுக்கும் இதே கதிதான். ஒட்டும் வேகமும் விடுபடும் வேகமும் சமம் என்று எழுதினால் மூன்று வரியில் சூத்திரம் வந்துவிடும். அதனாலேயே அது சின்னப் பாடமாகிவிட்டது. அதன் நிபந்தனைகளோ கடினமானவை. எல்லா இடங்களும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓர் இடத்தில் ஒரு மூலக்கூறுதான். பக்கத்து மூலக்கூறு அதைப் பாதிக்கக் கூடாது. 1918-ல் லாங்மியூர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே வாயுக்கள் என்றும், கண்ணாடி, மைக்கா, பிளாட்டினம் ஆகியவற்றின் சமதளப் பரப்புகள் என்றும் எல்லையைச் சொல்லிவிடுகிறது. கொட்டாங்குச்சிக் கரியில் சமதளம் எங்கே இருக்கிறது? அங்கே இருப்பது துளைக்குள் துளை. வாயுவும் இல்லை; சாயம் ஏறுமுன் பரப்பில் நீர் குடியிருக்கிறது, அதைக் கிளப்பிவிட்டுத்தான் சாயம் உட்கார வேண்டும். சூத்திரம் பொருந்தலாம். பொருந்துவதால் ஒற்றைப் படலம் என்று ஆகிவிடாது.

அடுத்தது பரப்பளவு. புருனாவர், எம்மெட், டெல்லர் மூவரும் 1938-ல் தந்த பி.இ.டி. முறைப்படி 77 கெல்வினில் நைட்ரஜனை ஏற்றி, ஒவ்வொரு மூலக்கூறும் 0.162 சதுர நானோமீட்டர் இடம் பிடிக்கும் என்று வைத்துப் பெருக்குகிறோம். கருவி தசமப் புள்ளிக்குப் பின்னும் எண்களை அச்சிட்டுத் தருகிறது. ஆனால் அந்த முறை படலத்தின் மேல் படலம் சேர்வதை அனுமானிக்கிறது. 2 நானோமீட்டருக்கும் குறுகிய துளையில் படலங்கள் அடுக்க இடம் ஏது? 0.05 முதல் 0.30 வரை என்று பழக்கத்தில் எடுக்கும் ஒப்பழுத்த வரம்பும் அங்கே பொருந்தாது. நுண்துளைப் பொருளுக்குக் கிடைக்கும் எண்ணைத் தோற்றப் பரப்பளவாக, அந்தப் பொருளின் கைரேகைபோலக் கொள்ளலாமே ஒழிய மெய்யான பரப்பாகக் கொள்ளக் கூடாது என்று 2015-ல் ஐயூபாக் அறிக்கையே எச்சரித்தது. அந்த எச்சரிக்கையைப் புரிந்துகொள்ள உயர் கணிதம் வேண்டாம். ‘மாணவர் அத்தியாயம்’ என்று தாண்டிப் போன பத்துப் பக்கம் போதும்.

ஐந்தாவது வாதம்: ஆய்வாளருக்குப் புதிய நூல் வேண்டும், பழையது மாணவருக்குப் போதும்.

ஒரு நூலின் எல்லா அத்தியாயங்களும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. தாமஸ் யங் 1805-ல் சொன்ன தொடுகோண உறவு இன்றும் முதல் பாடம். பழைய நூலில் பரப்பு இழுவிசை சென்டிமீட்டருக்கு இத்தனை டைன் என்றிருந்தால் பதற வேண்டாம். மீட்டருக்கு மில்லிநியூட்டன் என்று மாற்றினாலும் எண் அதேதான். கருவிகளைப் பற்றிய அத்தியாயம் அப்படியல்ல. வருடு ஊடுருவு நுண்ணோக்கி 1981-ல் பிறந்தது. அதற்கு முந்தைய நூலில் அந்தக் கருவியே இருக்காது. ஆகவே வெப்ப இயக்கவியலுக்குப் பழையதும் கருவிகளுக்குப் புதியதும் தேவை. இது மாணவருக்கும் ஆய்வாளருக்கும் ஒன்றுபோலப் பொருந்தும்.

‘மாணவர்’ என்று நாம் சொல்வதும் ஒரே ஆள் இல்லை. 2022-23 கல்வியாண்டுக்கான சுமைக் குறைப்பில் என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலிலிருந்து புறப்பரப்பு வேதியியல் அலகை முழுவதுமாக எடுத்துவிட்டது. அதே வகுப்புக்கு 2019-ல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூலில் அந்த அலகு இருக்கிறது. இரண்டு வழியிலும் வந்தவர்கள் ஒரே இளங்கலை வகுப்பில் அமர்ந்தால், ‘மாணவருக்கு ஏற்ற நூல்’ என்பது அவர்களில் யாருக்கு ஏற்றது?

கடைசியாக, பதிப்பகங்களின் சமரசம். பின்னட்டையில் ‘மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் ஒருங்கே ஏற்றது’ என்றிருக்கும். இது பாகப்பிரிவினையை மறுப்பதுபோலத் தெரிந்தாலும், எந்தப் பகுதி எதற்கு என்று சொல்லாததால் ஒன்றும் சொல்லாத வாக்கியம்.

அப்படியானால் எப்படித்தான் மதிப்பிடுவது? நான் நூலை நான்கு இடத்தில் பிரிப்பேன். பொருளடக்கத்தில் என் பரப்பு, ஈரமோ உலர்வோ, இருக்கிறதா என்று பார்ப்பேன். லாங்மியூர் பக்கத்தில் நிபந்தனைகளோடு அவை உடையும் இடமும் உண்டா என்று தேடுவேன்: ஆக்சிஜன் பிளாட்டினத்தில் இரண்டாகப் பிரிந்து இரண்டு இடங்களைப் பிடிப்பதையோ, பரப்பு நிறைய நிறையக் கவர்ச்சி வெப்பம் பொதுவாகக் குறைவதையோ அந்த நூல் சொல்ல வேண்டும். ஏதாவதொரு வரைபடத்தில் வெப்பநிலையும் எந்தப் பரப்பு என்பதும் அளந்தவர் யார் என்பதும் தெரிகிறதா என்று கவனிப்பேன். பிறகு ஒரு கணக்கை அதற்கு முந்தைய பத்துப் பக்கத்தை மட்டும் வைத்துப் போட்டுப் பார்ப்பேன். இந்த நான்கில் எதுவும் வாசிப்பவரின் பட்டத்தைக் கேட்பதில்லை.

1862-ல் வெனிஸில் பிறந்து ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வளர்ந்த ஆக்னஸ் பாக்கல்ஸுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. அன்று பெண்களுக்கு அங்கே இடமில்லை. இயற்பியல் படித்துக்கொண்டிருந்த தம்பியின் பாடநூல்கள் அவர் கைக்கு வந்தன. வீட்டு வேலைகளுக்கு நடுவே ஒரு தகரத் தொட்டியில் நீர் நிரப்பி, மேற்பரப்பில் எண்ணெய்ப் படலத்தைத் தகட்டால் நெருக்கிப் பரப்பு இழுவிசை மாறுவதை அளந்தார். 1891-ல் ராலே பிரபுவுக்கு அவர் எழுதிய கடிதம் ராலேயின் பரிந்துரையோடு ‘நேச்சர்’ இதழில் அச்சாகியது. லாங்மியூர் பின்னாளில் செய்த தொட்டி அந்தத் தகரத் தொட்டியின் வழிவந்தது. பாக்கல்ஸ் படித்தவை மாணவர் நூல்கள். அவற்றை வைத்துக்கொண்டு அவர் செய்தது ஆய்வு.

பாடத்திட்டக் குழுக்களிடம் எனக்கு ஒரு கோரிக்கைதான். இரண்டு பட்டியலையும் ஒன்றாக்குங்கள். நூலின் பெயருக்கு எதிரே எந்த அத்தியாயம், எந்தக் கேள்விக்கு என்று எழுதுங்கள். ஆடம்சனின் நுண்குழாய் அத்தியாயம் இளங்கலை இரண்டாம் ஆண்டுப் பட்டியலில் வரட்டும். ஷாவின் ஒல்லியான நூல், 0.999 என்று எழுதிக்கொண்டு வரும் ஆய்வு மாணவரின் பட்டியலில் வரட்டும்.