அயன்மொழித் தேர்வும் தாய்மொழி உரனும்

தமிழிளைஞர் பல்லாயிரவர் இக்கால் ஆங்கில மொழித் தகுதித் தேர்வுகளுக்கு அணியமாகி வருகின்றனர். செவிலியர், பொறியாளர், மேற்படிப்பு நாடுவோர், கடல் கடந்து குடியேற விழைவோர் எனப் பல திறத்தாரும் அத் தேர்வின் வாயிலிற் காத்து நிற்கின்றனர். நகர்தொறும் அதற்கெனப் பயிற்சி நிலையங்கள் முளைத்துள்ளன. 'தனித்தமிழ் இதழுக்கு இச் செய்தி எற்றுக்கு?' என அன்பர் சிலர் வினவலாம். தமிழன் பிழைப்பின் பொருட்டு எந்நாடு சென்று எம்மொழியில் தேற வேண்டியிருப்பினும், அம் முயற்சி அவன் தமிழை அழிக்கின்றதா, வளர்க்கின்றதா என்பது நம் இயக்கத்திற்கு உரிய வினாவேயாகும்.

முதற்கண் நம் நிலையைத் தெளிவுற உரைத்துவிடுவோம். ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பதை நாம் என்றும் எதிர்த்ததில்லை. தமிழன் வீட்டிலும் பள்ளியிலும் ஆட்சியிலும் தமிழுக்குரிய இருக்கையில் ஆங்கிலம் ஏறி அமர்வதையே எதிர்க்கின்றோம். விருந்தினனை வரவேற்றுச் சோறிடுவது வேறு. வீட்டையே அவன் பெயர்க்கு எழுதி வைப்பது வேறு. ஆயின், இத் தேர்வுகளின் பெயரால் தமிழ்ப் பெற்றோரிடையே ஒரு பொய்க் கருத்து விதைக்கப்பட்டு வருகின்றது. 'நாளை ஆங்கிலத் தேர்வில் மகன் வெல்ல வேண்டுமெனின், இன்றே அவனைத் தமிழினின்று பிரித்துவிட வேண்டும்' என்பதே அது. இக் கருத்து எத்துணைப் பிழைபட்டது என்பதை அத் தேர்வுகளின் இயல்பு கொண்டே ஈண்டுக் காட்டுவோம்.

இந்தியாவினின்று வெளிநாடு செல்வோர் மிகுதியாக எழுதுவது ஐ.இ.எல்.டி.எசு. என்னும் தேர்வு. 1989-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அது, கேட்டல், படித்தல், எழுதல், பேசல் என நாற்பகுதியுடையது. கேட்டற்கு ஏறத்தாழ 30 மணித்துளி, படித்தற்கு 60, எழுதற்கு 60, பேசற்கு 11 முதல் 14. ஒவ்வொன்றற்கும் உச்ச அளவு 9 புள்ளி. பிரித்தானிய நாட்டுச் செவிலியர் பதிவு மன்றம், கேட்டல், படித்தல், பேசல் ஆகிய மூன்றிலும் 7 புள்ளியும் எழுத்தில் 6.5 புள்ளியும் வேண்டுமென வரையறுத்துள்ளது. கட்டணமோ 15,000 உரூபாவிற்கு மேல். பெற்ற புள்ளியும் ஈராண்டே செல்லுபடியாகும். கடன்பட்டுக் கட்டணம் கட்டிய ஏழைக் குடும்பத்துப் பெண் அரைப் புள்ளி குறைந்து திரும்புவாளாயின், அவள் இழப்பது மதிப்பெண் மட்டுமா? கைப்பொருளும், காத்திருந்த பணியும், இளமையில் ஓராண்டும் சேர்த்தன்றோ இழக்கின்றாள்? ஆகலின், இத் தேர்வுக்கு எங்ஙனம் அணியமாவது என்பது விளையாட்டுச் செய்தியன்று.

இதனினும் அரிது கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தார் நடத்தும் 'சி-2 புரொபிசியன்சி' என்னும் உயர்தேர்ச்சித் தேர்வு. ஐரோப்பியப் பேரவை 2001-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆறு மொழிநிலைகளுள் உச்சியிலுள்ள ஆறாம் நிலைக்குரியது அது. அதன் வரலாறு நாம் அறிந்துகொள்ளற்குரியது. 1913-ஆம் ஆண்டு அது முதன்முறை நடத்தப்பெற்றபோது எழுதினோர் மூவரே, மூவரும் தவறினர். அன்றைய தேர்வு மொத்தம் 12 மணி நேரம் நீண்டது. அதில் இலக்கியம் இருந்தது, ஒலியியல் இருந்தது, கட்டுரை இருந்தது. இவற்றோடு, ஆங்கிலத்தினின்று பிரெஞ்சு அல்லது செருமானிய மொழிக்கும், அம் மொழிகளினின்று ஆங்கிலத்திற்கும் பெயர்த்தெழுதும் தாள்களும் இருந்தன. இதன் பொருள் யாது? ஐரோப்பிய மாணவன் ஒருவன் ஆங்கிலத்தில் தேறினான் என்று சொல்ல வேண்டுமெனின், இரு மொழியிலும் அவன் கால் ஊன்றி நிற்க வேண்டும் என அத் தேர்வை வகுத்த ஆங்கிலரே கருதினர். தன் மொழியைத் தொலைத்துவிட்டு வருவோனை அவர் எதிர்பார்க்கவில்லை.

அதே 1913-ஆம் ஆண்டுத் தேர்வின் கட்டுரைத் தலைப்புகளுள் ஒன்று இந்தியப் படைக் கலகம் பற்றியது. 1857-ஆம் ஆண்டு நிகழ்ந்ததை நம் நாட்டார் விடுதலைப் போர் என்பர். தேர்வுத் தாள் அதனைக் கலகம் என்றது. அதற்கும் அரை நூற்றாண்டு முன்னரே, 1806-ஆம் ஆண்டு, வேலூர்க் கோட்டையில் எழுந்த புரட்சியையும் அவர் அச் சொல்லாலேயே குறித்தனர். மொழியைக் கற்கையில் அதனுள் உறையும் நோக்கும் உடன் வந்து புகும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. தன் மொழியில் தன் வரலாற்றைக் கல்லாதவன் அச் சொல்லை அப்படியே விழுங்குவான். கற்றவனோ அதனை அறிந்து, எடைபோட்டு, வேண்டுமாயின் ஆங்கிலத்திலேயே மறுத்தும் எழுதுவான். பின்னவனே உயர்தேர்வில் வெல்வான். ஏனெனின் அத் தேர்வு வேண்டுவது அத்தகைய எடைபோடும் ஆற்றலையே.

இன்றைய உயர்தேர்ச்சித் தேர்வின் கட்டுரைப் பகுதியை நோக்குக. இரு சிறு உரைப்பகுதிகளைக் கொடுத்து, அவற்றின் கருத்தைத் தொகுத்து, தன் முடிபையும் சேர்த்து, 240 முதல் 280 சொற்களுக்குள் எழுதச் சொல்கின்றனர். பிறன் கூற்றைச் சுருக்கி உரைத்தல், ஏற்பன ஏற்றல், மறுப்பன மறுத்தல், தன் துணிபு நாட்டல் ஆகிய இவை நம் உரையாசிரியர்கள் பல நூற்றாண்டுகளாக ஆண்ட நெறிகள் அல்லவோ? ஐ.இ.எல்.டி.எசு. எழுத்துத் தாளை மதிப்பிடுவோர் நான்கு அளவுகோல் கொள்கின்றனர். கேட்ட வினாவிற்கு விடை உளதா, கருத்துகள் தம்முள் இயைந்து செல்கின்றனவா, சொல்வளம் எத்தகையது, இலக்கணம் திருத்தமா என்பனவே அவை. நன்னூலில் பவணந்தியார் தொகுத்துரைக்கும் பத்துக் குற்றங்களைக் கற்ற மாணவனுக்கு இவை புதியன அல்ல. மற்றொன்று விரித்தால் முதல் அளவுகோலில் வீழ்வான். மாறுகொளக் கூறினால் இரண்டாவதில் வீழ்வான். பயிற்சி நிலையத்தார் பெருந்தொகை பெற்றுச் சொல்லித் தரும் பாடம், நம் பள்ளித் தமிழாசிரியன் கட்டணமின்றிச் சொல்லித் தந்ததே. கேட்டோர் எத்துணையர் என்பதுதான் வினா!

அங்ஙனமாயின், மழலைப் பருவந்தொட்டே ஆங்கில வழியிற் பயின்ற நம் பிள்ளைகள் பலர் இத் தேர்வின் எழுத்துப் பகுதியில் இடர்ப்படுவது ஏன்? சொல் உளது, சொல்லுதற்குக் கருத்து இல்லை. கருத்து உளதேனும் அதனை வரிசைப்படுத்தும் பயிற்சி இல்லை. சிந்திக்கும் மொழி வேறாகவும் படிக்கும் மொழி வேறாகவும் ஆகிவிட, குழந்தை பொருளுணராது உருப்போடப் பழகுகின்றது. உருப்போட்ட கட்டுரையைத் தேர்வாளர் எளிதிற் கண்டுகொண்டு புள்ளியைக் குறைத்துவிடுகின்றனர்.

மறுதலையாக, ஐ.இ.எல்.டி.எசு. நடத்துவோர் தாய்மொழிவாரியாக வெளியிட்டு வரும் புள்ளிக் கணக்குகளை நோக்கின், செருமானியத்தைத் தாய்மொழியாக உடையோர் முன்வரிசையில் நிற்றலைக் காணலாம். செருமனியில் பள்ளிக் கல்வி செருமானிய மொழியிலேயே நிகழ்கின்றது. 'செருமானியம் ஆங்கிலத்தின் உறவுமொழி. அதனால் அவர்க்கு எளிது' என்பார் உளர். அவ்வுறவு ஒரு கரணியமே, மறுக்கிலம். ஆயின் பின்லாந்தை என்னென்பது? பின்னிய மொழி ஆங்கிலக் குடும்பத்தைச் சார்ந்ததன்று. நம் தமிழ்போல் ஈறுகள் ஒட்டி வளரும் ஒட்டுநிலை மொழி அது. வேற்றுமைகளோ தமிழினும் மிகுதி. ஆயினும் ஆங்கிலத்தில் திறமிக்கார் எனப் பின்லாந்தியர் பெயர் பெற்றுள்ளனர். அந் நாட்டுப் பிள்ளைகள் மிகப் பெரும்பாலோர் எல்லாப் பாடங்களையும் தம் தாய்மொழியிற் கற்று, ஆங்கிலத்தை ஒரு பாடமாக நன்கு பயில்கின்றனர். ஆங்கிலத்தை நன்கு கற்பது வேறு, ஆங்கிலத்தின் வழியே அனைத்தையும் கற்பது வேறு என்னும் இவ் வேறுபாட்டை உணராமையே நம் பெற்றோரைப் படுகுழியில் தள்ளுகின்றது.

இனி, தேர்வுக்கு அணியமாகும் தமிழிளைஞர்க்குச் சில நெறிகள் கூறுவோம்.

முதலாவது, நாள்தோறும் ஓர் ஆங்கிலக் கட்டுரையைப் படித்து, நூலை மூடிவிட்டு, அதன் பொழிப்பை நல்ல தமிழில் ஐந்தாறு சொற்றொடரில் எழுதுக. தமிழில் எழுத வாராத கருத்து உனக்கு விளங்காத கருத்து என அறிக. பின்னர் அதனையே உன் சொந்த ஆங்கிலத்தில் எழுதுக.

இரண்டாவது, சொற்களைத் தனித்தனியே பட்டியலிட்டு உருப்போடற்க. முதனிலை, இறுதிநிலை எனப் பகுத்து ஒரு வேரினின்று கிளைக்கும் சொற்களை ஒருங்கே கற்க. உயர்தேர்ச்சித் தேர்வில் ஒரு வேர்ச்சொல்லைத் தந்து, இடத்திற்கேற்ற வடிவம் அமைக்கச் சொல்லும் பகுதியே உண்டு. சொல்லைப் பகுத்துப் பார்த்துப் பழகிய தமிழ் மாணவனுக்கு அப் பகுதி இனிய விளையாட்டாகும்.

மூன்றாவது, இரு மொழியும் வேறுபடும் இடங்களை இலக்கணத்தால் அறிக. தமிழில் வினை சொற்றொடரின் இறுதியில் நிற்கும்; ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து நிற்கும். நம் வேற்றுமையுருபு பெயரின் பின் ஒட்டும். அவர் முன்னிடைச் சொல் பெயரின் முன் நிற்கும். நம் பெயரெச்சம் பெயர்க்கு முன் வரும். அதற்கு ஒப்பான அவர் தொடர் பெயர்க்குப் பின் வரும். பெயர்க்கு முன் அவர் இடும் சுட்டடைகளுக்கு முற்றும் ஒத்தது தமிழில் இல்லை. தமிழிளைஞர் பிழைகளுட் பல இவ் விடங்களிலேயே நிகழ்கின்றன. தமிழிலக்கணம் அறியாதான் தன் பிழை எங்கிருந்து வருகின்றது என்பதையே அறியான். அறியாத பிழையை யாங்ஙனம் களைவான்?

நான்காவது, செவியைப் பழக்குக. ஐ.இ.எல்.டி.எசு. கேட்டற் பகுதியில் ஒலிப்பதிவு ஒருமுறையே ஒலிக்கும். ஆகலின் நாள்தோறும் அரைமணி நேரமேனும் ஆங்கிலச் செய்தியோ சொற்பொழிவோ கேட்க. பேசுங்கால் இலண்டன் மாநகரத்தானைப்போல் நாவை வளைக்க முயன்று நகைப்பிற்கு இடமாகற்க. தேர்வாளர் நோக்குவது ஒலிப்பின் தெளிவையே; நீ ஆங்கிலனாகப் பிறந்தாயா என்பதை அன்று. வல்லின மெய்யில் முடியும் ஆங்கிலச் சொல்லின் ஈற்றில் தமிழ் நா குற்றியலுகரத்தைச் சேர்க்கும். அது தமிழின் இயல்பு. ஆங்கிலம் பேசுங்கால் அதனை விலக்குக. குற்றியலுகரம் இன்னதென அறிந்தவனே அதனை விலக்கவும் வல்லான்.

ஐந்தாவது, மொழிக் கலப்பை அறவே ஒழிக்க. தமிழ்த் தொடரில் ஆங்கிலப் பெயரைச் செருகி, அதனோடு 'பண்ணு' என்னும் துணைவினையை ஒட்டிப் பேசும் இளைஞன், தமிழ்வினையையும் இழக்கின்றான். ஆங்கில வினையைக் காலமும் இடமும் அறிந்து ஆளும் பயிற்சியையும் இழக்கின்றான். தமிழ் பேசுங்கால் முற்றும் தமிழே பேசுக. ஆங்கிலம் பயிலும் நேரத்து முற்றும் ஆங்கிலமே பேசுக. ஒரு மொழியைத் தூய்மையாக ஆளப் பழகியவனுக்கே மற்றொரு மொழியும் தூய்மையாகக் கைவரும்.

இவ்வுண்மைக்கு நம் முன்னோரே சான்று. 1916-ஆம் ஆண்டு தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்த மறைமலையடிகள் ஆங்கிலத்திலும் இதழ் நடத்திய பேரறிஞர். மொழிஞாயிறு பாவாணர், தமிழே உலக முதற்செம்மொழி என நாட்டும் நூலை 1966-ஆம் ஆண்டு ஆங்கிலத்திலேயே எழுதி வெளியிட்டார். தமிழின் பெருமையைத் தமிழரல்லாதார்க்கு உணர்த்தும் கருவியாக அவர்கள் ஆங்கிலத்தைக் கையாண்டனர். கருவி அவர்கள் கையில் இருந்தது. கருவியின் கையில் அவர்கள் இருந்திலர்.

இறுதியாக அரசுக்கும் தமிழ்க் குமுகத்திற்கும் ஒன்று சொல்லவேண்டும். தேர்வு ஒருவழிப் பாதையாகவே இருத்தல் தகுமா? 1812-ஆம் ஆண்டு எல்லிசு துரைமகனார் முயற்சியால் சென்னைக் கோட்டைக் கல்லூரி நிறுவப்பெற்றபோது, ஆளவந்த ஆங்கில இளைஞரே தமிழ் முதலிய தென்மொழிகளைக் கற்றுத் தேர்வு கொடுக்க வேண்டியிருந்தது. சப்பானியர் 1984 முதலும் கொரியர் 1997 முதலும் தத்தம் மொழிக்குப் படிநிலைத் தேர்வு நடத்தி, உலகத்தாரைத் தம் மொழி பயில வைக்கின்றனர். தமிழ்நாட்டிலோ பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க 2006-ஆம் ஆண்டு சட்டம் வேண்டியிருந்தது. அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த்தாளில் 40 விழுக்காடேனும் பெறவேண்டும் என 2021-ஆம் ஆண்டு ஆணை வேண்டியிருந்தது. இவ்விரண்டும் வரவேற்கத்தக்கனவே, போதியன அல்ல. தமிழ் இணையக் கல்விக்கழகம் அயலகத் தமிழர்க்குச் சான்றிதழ்ப் பாடங்கள் நடத்தி வருகின்றது. அவ் வித்தினின்று, தொடக்கநிலை முதல் புலமைநிலை வரை ஆறு படிகளையுடையதும், கேட்டல் முதலிய நான்கையும் அளப்பதும், உலகமெங்கும் எழுதத்தக்கதுமான தமிழ்த் தகுதித் தேர்வு ஒன்று வளர்தல் வேண்டும். தமிழ்நாட்டில் மக்களோடு பழகும் பணிக்கு வரும் எவரும் அதன் உரிய படியில் தேறியிருத்தலை நெறியாக்குதலும் வேண்டும்.

தமிழிளைஞனே! நீ எழுதப்போகும் தேர்வை அஞ்சற்க, இகழவும் செய்யற்க. அது பிழைப்பிற்கு ஒரு வாயில். உன் அறிவின் முழு அளவுகோல் அன்று. அவ் வாயிலைக் கடத்தற்கு உன் தமிழை வெளியே கழற்றி வைத்துவிட்டுச் செல்ல வேண்டுவதில்லை. தமிழில் எண்ணு, தமிழில் தெளி, தெளிந்ததை ஆங்கிலத்தில் திருத்தமாக எழுது. பெற்றோர்களே! பிள்ளையின் ஆங்கிலத்தின் பொருட்டேனும் அவன் தமிழைக் காத்திடுக. வேர் நிலத்தில் நின்றாலன்றிக் கிளை வேலி கடந்து நீளாது.