ஓடிய கால்கள் ஆற்றங்கரையில் நடக்கட்டும்



ஓட்டம் என்றால் எமது பெண்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இடப்பெயர்வுதான். "முதல் ஓட்டத்தில மாடு போச்சு, அடுத்த ஓட்டத்தில வீடு போச்சு" என்று காலத்தையே ஓட்டத்தால் கணக்கிடும் தாய்மாரை நான் சந்தித்திருக்கிறேன். பிள்ளையை இடுப்பிலும் பையைத் தலையிலும் வைத்துக்கொண்டு ஓடியவர்கள் இவர்கள். இவர்களிடம் போய், "காலையில் சும்மா கொஞ்சத் தூரம் நடவுங்கள், முடிந்தால் ஓடுங்கள்" என்று ஒரு சமூக சேவையாளர் சொன்னால் சிரிப்பு வரும். சிலருக்குக் கோபமும் வரும். ஆயினும் இம்மாதம் அதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். நான் பணிபுரியும் கண்டிப் பகுதியில் அதற்கு ஒரு நல்ல துணை இருக்கிறது. அது மகாவலி கங்கை.

எல்லோருக்கும் பொதுவான ஆறு

335 கிலோமீற்றர் நீளமுள்ள மகாவலி, இலங்கையின் மிக நீண்ட ஆறாகும். மலையில் பிறந்து, கம்பளை, பேராதனை, கட்டுகஸ்தோட்டை ஆகிய சந்தை நகரங்களைத் தொட்டு, கண்டியை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு கிழக்கே திரும்புகிறது. கடைசியில் மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. வெருகல் ஆறு இதன் கிளைதான். 2006 இல் மாவிலாறு அணைக்கட்டை மையமாக வைத்துத் தொடங்கிய சண்டையில் ஈச்சிலம்பற்றை, மூதூர்ச் சகோதரிகள் வீடுவாசல்களை விட்டு வெளியேறினார்கள். அந்த மாவிலாற்றுத் தண்ணீரும் கண்டியைக் கடந்து வந்த தண்ணீரே. பொல்கொல்லையில் 1976 இல் கட்டப்பட்ட அணையிலிருந்து சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கம் வழியாக உக்குவளைக்குத் திருப்பப்படும் நீர், வடக்கே உள்ள வரண்ட பிரதேச வயல்களை நோக்கிப் போகிறது. ஆகவே இந்த ஆறு கண்டிக்கு மாத்திரம் சொந்தமானதல்ல.

எங்கே நடக்கலாம்?

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது பேராதனைத் தாவரவியல் பூங்காவை. 1821 இல் அமைக்கப்பட்ட இப்பூங்கா 147 ஏக்கர் பரப்புடையது. மூன்று பக்கமும் மகாவலி சூழ்ந்திருக்கிறது. நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும் என்பதால் தினமும் போவது சிரமம். ஆனால் காவலாளிகள் இருப்பதால் தனியாக நடக்கப் பயப்படும் பெண்களுக்கு மாதம் ஒரு தடவையாவது நல்ல இடம். ஆற்றோரப் பாதையில் மூங்கில் புதர்களையும், மரங்களில் தலைகீழாகத் தொங்கும் வௌவால்களையும் பார்த்துக்கொண்டு போகலாம். அங்கே பனைமரங்கள் வரிசையாக நிற்கும் ஒரு சாலையும் உண்டு. வடக்கிலிருந்து வந்த சகோதரிகள் பலர் அவ்விடத்தில் நின்றுவிடுவார்கள். மலைநாட்டில் பனையைக் கண்டால் யாருக்குத்தான் கால் நகரும்?

பேராதனைப் பல்கலைக்கழக வளாகமும் ஆற்றின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கிறது. ஆற்றைக் கடக்கும் அக்பர் பாலத்தில் நின்றால் கீழே தண்ணீர் போகும் வேகம் தெரியும். அதிகாலையில் அங்கு நடப்பவர்களும் ஓடுபவர்களும் இருப்பார்கள்.

மூன்றாவது, கெட்டம்பேயிலிருந்து ஹல்லொலுவ வழியாகக் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் செல்லும் ஆற்றோர வழி. இங்கே வாகனங்கள் வரும். வளைவுகளும் உண்டு. இருவராகச் செல்லுங்கள். வெளிச்சம் வந்த பிறகு செல்லுங்கள். நடைபாதை இல்லாத இடங்களில் எதிரே வரும் வாகனம் தெரியும்படி வலப்பக்கமாக நடவுங்கள்.

ஆற்றங்கரை தூரமென்றால் நகரின் நடுவே கண்டி வாவி இருக்கிறது. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தில் வெட்டப்பட்டது. ஒரு சுற்று ஏறத்தாழ 3 கிலோமீற்றர். ஏற்ற இறக்கம் இல்லை. மூட்டுவலி உள்ளவர்களுக்கும் ஏற்றது. நிதானமாக நடந்தால் முக்கால் மணித்தியாலத்தில் முடியும்.

வெறுங்கையோடு போவது

எம்மோடு நடக்கத் தொடங்கிய ஒரு சகோதரியின் பெற்றோர் 1977 கலவரத்துக்குப் பின் மலைநாட்டை விட்டு வன்னிக்குப் போனவர்கள். அவர் அங்கேயே வளர்ந்து, மணமுடித்து, யுத்தத்தில் கணவரை இழந்து, பிள்ளைகளோடு கம்பளைப் பக்கம் உறவினரிடம் வந்தவர். முதல் சில வாரங்கள் நடக்க வரும்போது கையில் ஒரு வெறும் சந்தைப் பை கொண்டுவருவார். ஏனென்று கேட்டேன். "வெறுங்கையோட போனா, புருஷன் இல்லாதவ விடியக்காலையில எங்க போறாண்ணு கேப்பாங்க மிஸ்" என்றார்.

அந்தப் பையைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். எமது ஊர்களில் மதகிலும் சந்தியிலும் ஆண்கள் மணிக்கணக்காக இருந்து கதைப்பார்கள். ஏன் இருக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. பெண் வீதியில் இறங்குவதென்றால் ஒரு காரணம் வேண்டும். சந்தை, பாடசாலை, ஆஸ்பத்திரி, கோயில் என்று ஏதாவது ஒன்று. விதவை என்றால் காரணத்தை இரண்டு முறை சொல்ல வேண்டும். இதற்கு மேல் யுத்தம் தந்த பயமும் சேர்ந்துகொண்டது. சோதனைச் சாவடி, அடையாள அட்டை, சீருடையைக் கண்டால் படபடப்பு, சிங்களம் சரியாகத் தெரியாத கூச்சம் எல்லாம் சேர்ந்து பெண்களை வீட்டுக்குள் இருத்திவிட்டன.

சந்தைக்கு நடப்பதும் நடைதானே என்று சிலர் கேட்கிறார்கள். உடலுக்கு அதுவும் நல்லதே. ஆனால் அந்த நேரம் முழுவதும் மனம் அரிசி விலையிலும் பிள்ளையின் கொப்பியிலும் இருக்கும். தனக்கென்று நடக்கும் அரை மணித்தியாலத்தில்தான் மூச்சு சீராகிறது. பக்கத்தில் வரும் பெண்ணோடு, கூட்டத்தில் சொல்ல முடியாததைச் சொல்ல முடிகிறது. ஆளை ஆள் நேரே பார்க்காமல், ஆற்றைப் பார்த்துக்கொண்டு பேசுவது சிலருக்கு உளவளத்துணை அறையைவிட இலகுவாக இருக்கிறது. அந்தச் சகோதரி நான்கைந்து பேராகச் சேர்ந்து வரத் தொடங்கிய பின் பையை வீட்டில் வைத்துவிட்டார். கேட்பவர்களுக்கு இப்போது, "நடக்கப் போறேன்" என்று மட்டும் சொல்கிறார்.

கவனிக்க வேண்டியவை

வளர்ந்தவர்கள் வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாளுக்கு அரை மணி நேரமாக ஐந்து நாட்கள் போதும். பேச முடிய வேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும். அதுவே சரியான வேகம். ஓட விரும்புபவர்கள் ஒரு நிமிடம் மெதுவாக ஓடி, இரண்டு நிமிடம் நடந்து பழகலாம்.

சலரோகத்துக்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். கையில் ஓர் இனிப்பு வைத்திருங்கள். உடலில் ஷெல் துண்டு உள்ளவர்களும் செயற்கைக் கால் அணிபவர்களும் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். வடக்கு, கிழக்கில் இருப்பவர்கள் மக்கள் வழக்கமாகப் போகும் பாதையை விட்டு விலக வேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் போகவே வேண்டாம். மழைக்காலத்தில் ஆற்றோரத்தைத் தவிருங்கள். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மகாவலி பெருகியதையும் கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகள் குடும்பங்களையே கொண்டுபோனதையும் நாம் மறக்கவில்லை. கரை இடிந்த இடங்களைப் பற்றி ஊரவரிடம் விசாரித்த பின்னரே செல்லுங்கள்.

வயது போய்விட்டது என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா, 2023 இல் தனது 72 ஆவது வயதில் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் தங்கம் வென்று வந்தார். யுத்தம் மிதித்த மண்ணிலிருந்து போன கால்கள் அவை.

எல்லோருக்கும் பதக்கம் வேண்டாம். எல்லோருக்கும் மகாவலியும் வேண்டாம். கிளிநொச்சியில் குளக்கட்டு உண்டு, மட்டக்களப்பில் வாவிக்கரை உண்டு, தோட்டத்தில் தேயிலைப் பாதை உண்டு. இந்த வாரம் அயலில் உள்ள ஒருவரைக் கேளுங்கள். இருவராகக் கால் மணித்தியாலம் நடந்து பாருங்கள். எங்கே நடந்தீர்கள், யார் என்ன சொன்னார்கள் என்று எமக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அதைப் பற்றிப் பேசுவோம்.