வறுவலுக்கு எந்த எண்ணெய்?

இதய அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பவிருந்த ஒருவரின் மனைவி, உணவு ஆலோசனைக்காக என்னிடம் வந்திருந்தார். நான் கொடுத்த உணவுப் பட்டியலைப் பொறுமையாகப் படித்து முடித்தபின், தயக்கத்துடன் கேட்டார்: “அவருக்கு உருளைக்கிழங்கு வறுவல் இல்லாம சோறு இறங்காதும்மா. எந்த எண்ணெயில வறுக்கலாம்னு மட்டும் சொல்லுங்க.”

“வறுவலே கூடாது” என்று சொல்வது எளிது. ஆனால் விருப்பமான அனைத்தையும் ஒரே நாளில் பறித்துவிட்டால், நோயாளி சில வாரங்கள் பொறுத்துக்கொள்வார். பிறகு மறைவாகக் கடையில் வாங்கி உண்பார். ஆகவே அந்த அம்மையாரின் கேள்விக்கு நேரான விடை சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில், உறையின்மேல் அச்சிடப்படும் “கொலஸ்ட்ரால் இல்லாதது” என்ற வாசகத்தை மறந்துவிடுங்கள். கொலஸ்ட்ரால் விலங்கு உணவுகளில் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவில் உண்டு. தாவர எண்ணெய் எதற்கும் இது பொருந்தும். அடுத்து, எல்லா எண்ணெய்களும் கிராமுக்கு 9 கலோரி தருபவையே. “இது இலேசான எண்ணெய்” என்று தாராளமாக ஊற்றுவதில் பயனில்லை.

உண்மையான வேறுபாடு நிறைவுற்ற கொழுப்பின் அளவில் இருக்கிறது. இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்துவது பெரும்பாலும் இதுவே. தேங்காய் எண்ணெயில் இது ஏறத்தாழ 90 விழுக்காடு. நெய்யில் 60 விழுக்காட்டுக்கு மேல். பாமாயிலில் ஏறக்குறையப் பாதி. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் 20 விழுக்காட்டுக்கு உட்பட்டதே. வனஸ்பதியைப் பற்றித் தயக்கமின்றிச் சொல்வேன்: இதய நோயாளியின் வீட்டில் அதற்கு இடமில்லை. அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 முதல் 2 விழுக்காடு என்ற உச்சவரம்பு நம் நாட்டில் இருந்தாலும், நிறைவுற்ற கொழுப்பு அதில் மிகுதியாகவே உள்ளது.

எனவே, வீட்டு வறுவலுக்கு என் தெரிவு கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெய். இரண்டும் நம் சமையலுக்குப் பழகியவை. வறுவலின் சூட்டைத் தாங்குபவை. வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் நல்லெண்ணெயையோ சூரியகாந்தி எண்ணெயையோ கொள்ளலாம். தேங்காய் எண்ணெய் மணமின்றி உண்ண இயலாத நாகர்கோவில் பக்கத்தவர்கள், இறக்கும்போது கறிவேப்பிலையுடன் அரைத் தேக்கரண்டி சேர்த்தால் போதும். செக்கில் ஆட்டியது என்பதற்காக எந்த எண்ணெயும் மருந்தாகிவிடாது. அதற்கும் கரண்டிக் கணக்கு உண்டு.

ஆயினும், எண்ணெயின் பெயரைவிட நான் பெரிதாகக் கருதுவன இரண்டு. ஒன்று, அளவு. அரைக் கிலோ கிழங்கைத் துண்டுகளாக்கி, முக்கால் பதம் வேகவைத்து, நீரை வடித்து, அகன்ற இரும்பு வாணலியில் நான்கு தேக்கரண்டி எண்ணெயில் மிதமான தீயில் புரட்டி வறுங்கள். நால்வர் உண்டால் ஒருவருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 40 கலோரிக்கான எண்ணெயே சேரும். மாறாக, கடையில் விற்கும் சிப்ஸின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. புட்டியிலிருந்து நேரே ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றும் பழக்கம் ஒன்றே பல வீடுகளில் பெரிய மாற்றத்தைத் தரும்.

மற்றொன்று, பொரித்த எண்ணெயை வடிகட்டி வைத்து மீண்டும் மீண்டும் காய்ச்சுவது. சிக்கனம் என்று நாம் கற்ற பழக்கம் இது. ஒவ்வொரு முறை காயும்போதும் எண்ணெய் சிதைந்து, தீங்கான பொருள்கள் பெருகுகின்றன. உணவகங்களுக்கு 2018 முதல் இதற்கு ஒரு வரம்பு விதிக்கப்பட்டுள்ளது. வீட்டில் அதை அளக்கக் கருவியில்லை. எண்ணெய் கருத்தாலோ, நுரைத்தாலோ, பிசுபிசுத்தாலோ, விரைவில் புகைந்தாலோ கொட்டிவிடுங்கள். பழைய எண்ணெயுடன் புதியதைக் கலக்காதீர்கள். குறைந்த எண்ணெயில் வறுத்தால் மிச்சமே இராது, இச்சிக்கலும் எழாது.

கிழங்கு பொன்னிறமானதும் இறக்கிவிடுங்கள். மிகையாகச் சிவக்கும்போது அக்ரிலமைடு என்னும் வேண்டாத பொருள் கூடுகிறது. பச்சைக் கிழங்கைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அதில் சர்க்கரை மிகுந்து, வறுக்கையில் இப்பொருள் இன்னும் கூடும். ஆகவே காற்றோட்டமான கூடையில் வையுங்கள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. சிறுநீரக நோயாளிகளுக்கு எண்ணெயைவிடக் கிழங்கிலுள்ள பொட்டாசியமே கவலைக்குரியது. சிறு துண்டுகளாக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து வடித்தால் அது ஓரளவு குறையும். எனினும் மருத்துவரைக் கேட்காமல் உண்ணலாகாது. நீரிழிவு உள்ளவர்கள் வறுவலைச் சோற்றுக்குத் துணையாக அல்ல, சோற்றில் ஒரு பகுதிக்கு மாற்றாகக் கொள்ள வேண்டும். எந்த எண்ணெயும் கிழங்கின் மாவுச்சத்தைக் குறைத்துவிடாது.

அந்த அம்மையாரிடம் இவற்றைச் சொல்லி, வாரம் ஒரு நாள் வறுவல் என்று முடிவு செய்தோம். அவருக்கென்று தனியாகச் சமைக்க வேண்டாம், வீட்டில் அனைவரும் அதே வறுவலையே உண்ணுங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். நோயாளிக்கு மட்டும் ஒரு தனி வாணலி வைத்தால், அவர் தம் இலையைவிடப் பிறர் இலையையே பார்த்துக்கொண்டிருப்பார். மேலும், அவருக்கு நல்லது பிள்ளைகளுக்கும் நல்லதே.

அடுத்த முறை ஆலோசனைக்கு வரும்போது, உங்கள் வீட்டில் மாதத்திற்கு எத்தனை லிட்டர் எண்ணெய் செலவாகிறது, எத்தனை பேர் உண்கிறீர்கள் என்று குறித்து வாருங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு தேக்கரண்டி என்றால், நால்வருக்கு மாதம் ஏறத்தாழ இரண்டரை லிட்டர். உங்கள் கணக்கு அதைவிட எவ்வளவு கூடுகிறது என்பதிலிருந்து நம் உரையாடலைத் தொடங்கலாம்.