தச்சுப் பட்டறைக்குப் பழைய மெஷின் வாங்கலாமா?

பழவேற்காட்டில் படகுப் பழுதுடன் கதவு, ஜன்னல் வேலையும் செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ரம்ப மேஜையும் இழைப்பு மெஷினும் பழையதாக, பாதி விலைக்கு வருகின்றனவாம். ரம்ப மேஜையை வாங்கலாம். இழைப்பு மெஷின் புதியதாக இருப்பதே நல்லது.

2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகி, ஏரியோரக் கிராமங்களில் மரப்படகு வேலை குறைந்துவிட்டது. கதவு, கட்டில் என்று இறங்கினால்தான் பட்டறை ஓடும். அதனால் மெஷின் அவசியம்தான்.

வார்ப்பு இரும்பில் செய்த பழைய ரம்ப மேஜை கனமாக இருக்கும், அதிராது. விலை மலிவான தகர மேஜையைவிட நன்றாகவே உழைக்கும். மேலே படிந்த துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். உப்புக்காற்று பேரிங்குக்குள் செய்த வேலைதான் கண்ணுக்குத் தெரியாது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தண்டைக் கையால் சுற்ற வேண்டும். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது. அதை மாற்றலாம், செலவை விலையில் குறைத்துக் கேட்கலாம். பேரிங் உட்காரும் இடத்தில் தண்டே தேய்ந்திருந்தால் அந்த மெஷின் வேண்டாம். பிறகு அரை மணி நேரம் ஓட்டி, நிறுத்தியதும் பேரிங் கூட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு என்றாலும் வேண்டாம்.

இழைப்பு மெஷினில் விரல் கத்திக்குப் பக்கத்திலேயே போய்வருகிறது. மிகப் பழைய மெஷின்களில் கத்தி பூட்டும் கட்டை சதுரமாக இருக்கும். அதற்கும் மேஜைக்கும் நடுவே இடைவெளி அதிகம். கை வழுக்கினால் விரல் ஆழமாகச் சிக்கும். உருண்டைக் கட்டையில் அந்த அபாயம் குறைவு. விரல் போனவர் உளியும் பிடிக்க முடியாது, வலையும் பின்ன முடியாது.

பெரிய பட்டறைகளிலிருந்து வரும் மெஷின்களில் பெரும்பாலும் மும்முனை மோட்டார்தான் இருக்கும். பட்டறையில் ஒருமுனை இணைப்பு என்றால், மோட்டார் மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பழைய படகுப் பலகையை அறுக்கும் முன் ஆணிகளைப் பிடுங்கிவிட வேண்டும். காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம், செம்பு ஆணி அதில் ஒட்டாது.

தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது நிறைந்த கைவினைஞர்கள் 3 லட்சம் ரூபாய் வரை கடன் பெறலாம். மானியம் 25 சதவிகிதம், அதிகபட்சம் 50,000 ரூபாய். மானியம் கிடைத்தால் புதியதற்கும் பழையதற்கும் உள்ள விலை வித்தியாசம் குறையும். பழைய மெஷினுக்கு அது பொருந்துமா என்று திருவள்ளூர் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டே முன்பணம் கொடுக்க வேண்டும்.