இல்லமும் தோட்டமும்: நிழல் வளரும் வரை

அயல்நாடுகளில் வாழும் தம் மக்களைக் கண்டு திரும்பும் பெற்றோர் சிலர், அங்குள்ள வீட்டுத் தோட்டங்களில் மர நிழலின் கீழ் அகன்ற இலைகளோடு விரிந்து நிற்கும் 'ஹோஸ்டா' என்னும் செடியை வியந்து பேசக் கேட்டிருக்கிறோம். ஓசூரை அடுத்த சானமாவுப் பகுதியில் புதிதாக வீடு கட்டிக் குடியேறியுள்ள நம் குடும்பங்கள் சிலவற்றுக்கு, அதனை இங்கும் வளர்க்கலாகாதா என்னும் ஆவல் உண்டு. நல்ல ஆவலே. ஆயினும், செடியின் இயல்பையும் நம் நிலத்தின் இயல்பையும் அறிந்தபின் மண்வெட்டியைக் கையிலெடுப்பது நன்று.

ஹோஸ்டா சீனம், ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளுக்கு உரியது. ஆஸ்திரிய நாட்டு மருத்துவரும் தாவர அறிஞருமான நிக்கோலாஸ் தாமஸ் ஹோஸ்ட் என்பாரின் பெயர் 1812-ஆம் ஆண்டில் அதற்கு இடப்பட்டது. குளிர்காலத்தில் இலைகள் அனைத்தும் மடிய, மண்ணுக்குள் உறங்கி, வசந்தத்தில் மீண்டும் துளிர்ப்பது அதன் வழக்கம். அவ்வுறக்கத்திற்குப் பல வாரங்கள் நீடிக்கும் கடுங்குளிர் வேண்டும். ஓசூர் மேட்டுநிலம் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சென்னையைவிடவும் சேலத்தைவிடவும் குளுமையானதே. எனினும் அத்தகைய குளிர் இங்கு வருவதில்லை. பெருவிலை கொடுத்து வரவழைத்தாலும் அச்செடி ஆண்டுக்கு ஆண்டு மெலிந்தே போகும். இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. தாவர நூலார் ஹோஸ்டாவைச் சேர்க்கும் அதே குடும்பத்தில்தான் நம் தண்ணீர்விட்டான் கிழங்கும் மருளும் உள்ளன. ஆகவே செடியை அந்நாட்டாருக்கே விட்டுவிட்டு, அவர்தம் முறையை மட்டும் நாம் கைக்கொள்வோம்.

அம்முறையின் முதற்பாடம், நிழற்செடிக்கு முன் நிழல் வேண்டும் என்பதே. புதிய மனைகளில் நிழல் ஏது? செம்மண் தரை பங்குனி, சித்திரை வெயிலில் கல்லென இறுகிக் கிடக்கும். அங்கே பெரணியையும் கலேடியத்தையும் முதல் நாளே நட்டால் ஒரு கோடைக்குள் கருகிவிடும். வெற்றிலைக் கொடிக்கால் வைக்கும் உழவர் இதனை நன்கறிவர். அவர்கள் கொடியை நடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அகத்தியை விதைத்துவிடுகின்றனர். அகத்தி எழுந்து நின்று நிழலும் கொழுகொம்புமாகும்போதே கொடி அதனடியில் வந்து சேர்கின்றது. இல்லத் தோட்டத்திற்கும் இதுவே வழி.

ஆனால் விரைந்து வளர்வது நெடிது நில்லாது. அகத்தி காற்றுக்கு எளிதில் முறியும். அதன் வாழ்நாளும் குறுகியது. இறைவாக்கினர் யோனாவின் தலைக்கு மேல் ஒரே இரவில் எழுந்து நிழல் தந்த ஆமணக்குச் செடி, மறுநாள் புழு அரித்ததால் பட்டுப்போனதை நாம் விவிலியத்தில் வாசிக்கிறோம். அச்செடிக்காக யோனா உழைக்கவுமில்லை. அதனை வளர்க்கவுமில்லை என்று ஆண்டவர் அவருக்கு உணர்த்தினார் அன்றோ? எனவே, வீட்டின் மேற்குப் புறத்தில், சுவரிலிருந்து பதினைந்து அடி தள்ளி, புங்கம், வேம்பு, மகிழம் போன்ற நாட்டு மரமொன்றை நடுங்கள். அதன் அருகே ஓரிரு அகத்தியையும் வையுங்கள். மரம் தலையெடுக்கும் வரை அகத்தி நிழல் தரும். சமையலறைக்குக் கீரையும் தரும். நாலைந்து ஆண்டுகளில் அதன் பணி முடிந்ததும் அதனை அகற்றிவிடலாம்.

இரண்டாம் பாடம், செடிகளின் தோழமை. முதலிரண்டு ஆண்டுகளில் மரத்தடியில் வெயில் மிகுதியாக விழும். அப்போது வெயிலைத் தாங்கும் துளசி, நித்தியகல்யாணி ஆகியவற்றையும், அகத்தியின் ஓரத்தில் கற்பூரவள்ளியையும் வைக்கலாம். நிழல் அடர அடர, மஞ்சள், இஞ்சி, கலேடியம், பெரணி ஆகியவற்றுக்கு இடமளியுங்கள். ஹோஸ்டா வளர்ப்போர், அது துளிர்க்குமுன் பூத்து முடியும் கிழங்குச் செடிகளை அதனருகே நடுவர். அவற்றின் வாடும் இலைகளை ஹோஸ்டாவின் புதிய இலைகள் மறைத்துவிடும். இங்கோ மஞ்சளும் கலேடியமும் மழையோடு எழுந்து, தை, மாசியில் மண்ணுக்குள் உறங்கிவிடும். அந்நாளில் தரை வெறுமையாகாதிருக்க, ஆண்டு முழுவதும் பசுமையாய் நிற்கும் மருளை இடையிடையே வையுங்கள். ஒன்று உறங்குகையில் மற்றொன்று விழித்திருக்கும். இளமரத்தின் வேர்களை வெட்டாதபடி ஆழமாய்க் கொத்தாதிருங்கள். உதிர்ந்த இலைகளை எரிக்காமல் மூன்று அங்குலக் கனத்திற்குத் தரையில் பரப்புங்கள். அடிமரத்தை மட்டும் அவை தொடாதிருக்கட்டும்.

தாய்மாருக்கு ஓர் எச்சரிக்கை. கலேடியம், சேம்பு, டிஃபன்பாக்கியா ஆகியவற்றின் இலையிலும் தண்டிலும் ஊசி போன்ற நுண்படிகங்கள் உள்ளன. குழந்தைகள் அவற்றைக் கடித்தால் வாயும் நாவும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தையுள்ள வீட்டில் இவற்றைத் தவிர்ப்பதே அறிவுடைமை. காப்புக்காட்டில் புகுந்து பெரணி முதலியவற்றைப் பெயர்த்து வருவதும் கூடாது. அது சட்டப்படி குற்றம். நாற்றுப் பண்ணைகளில் வாங்குவதே முறை.

இதனினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. கர்நாடக எல்லையைக் கடந்து, தளி, சவளகிரிக் காடுகளின் வழியே யானைக் கூட்டங்கள் சானமாவுக் காட்டிற்கு வருகின்றன. கேழ்வரகு விளையும் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை அவற்றின் நடமாட்டம் மிகுதி. அவற்றால் உயிரிழப்பைக் கண்ட குடும்பங்கள் இப்பகுதியில் உண்டு. அக்டோபரோ நமக்குச் செபமாலை மாதம். மாலை வழிபாடு முடிந்து சிறுவரும் முதியோரும் இருளில் வீடு திரும்பும் காலம். ஆகவே காட்டோரத்து வீட்டாரே, வாழை, பலா, கரும்பு ஆகியவற்றை வீட்டருகே நடாதீர்கள். வாயிலுக்கும் தெருவுக்கும் இடையே உள்ள செடிகள் முழங்கால் உயரத்தைத் தாண்ட வேண்டா; பார்வையை மறைக்கும் புதர் ஆபத்தையும் மறைக்கும். விளக்கொளி பாதை முழுதும் விழட்டும். யானை பகையன்று, அது தன் பழைய வழியில் வருகிறது. அசிசி நகர் புனித பிரான்சிஸ் தம் துறவியர் இல்லத் தோட்டத்தில் ஒரு பகுதியைப் பயிரிடாமல் விட்டுவைக்கச் சொன்னதை, திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' மடலில் நினைவூட்டினார். படைப்பு முழுவதும் நமக்கு மட்டுமே உரியதன்று என்பதை அப்புனிதர் அறிந்திருந்தார்.

இறுதியாக, வாடகை வீட்டில் வாழும் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒரு சொல். "நாளை மாற்றல் வந்தால் போய்விடுவோம், பிறர் மண்ணில் மரம் எதற்கு?" என்பது நியாயமான கேள்வியே. தூத்துக்குடியிலிருந்தும் குமரியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் சிப்காட்டை நம்பி வந்தவர்களுக்கு வேர் பிடிப்பது எளிதன்று. ஆயினும், சாலையோரப் புளிய மரத்தடியில் பேருந்துக்காக நிற்கும்போது, அதனை நட்டவர் யாரென நமக்குத் தெரிவதில்லை. விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் என்று ஆண்டவர் இயேசுவும் சொல்லியிருக்கிறார். தொட்டியில் ஒரு மருளை வளர்த்து அதனை உடன் எடுத்துச் செல்லுங்கள். மண்ணில் ஒரு புங்கங்கன்றை நட்டு அதனை விட்டுச் செல்லுங்கள். உங்களுக்குப் பின் அவ்வீட்டில் குடிவரும் குடும்பத்தின் பிள்ளைகள், உங்கள் பெயரறியாமலே அதன் நிழலில் விளையாடுவார்கள்.