குதிரை சரியாகத்தான் ஓடுகிறது... கணக்கு?

நெய்வேலியில் குதிரைப் பந்தய மைதானம் கிடையாது. ஆனால் நெய்வேலிக்காரர்களுக்கு லாக் புக் என்றால் என்னவென்று தெரியும். தெர்மலில் ஒரு ஷிப்ட் இறங்கி அடுத்த ஷிப்ட் ஏறும்போது, மீட்டர் அளவுகளை ஒருவர் எழுதுவார், அடுத்தவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். தப்பாக எழுதிவிட்டால் ரப்பர் வைத்து அழிக்க முடியாது. அடித்துவிட்டு, பக்கத்தில் திருத்தி, கையெழுத்தும் போட வேண்டும். அப்பா ஷிப்டுக்குப் போகும் வீட்டில் வளர்ந்த பையனுக்கு இது பாலபாடம்.

இப்போது ஒரு கேள்வி. அந்த லாக் புக்கை எழுதுவதும் ஒரே ஆள், சரிபார்ப்பதும் அவரே, மூன்று மணி நேரம் கழித்து ஓசைப்படாமல் திருத்துவதும் அவரே என்றால் அதை யாராவது நம்புவார்களா? அப்படி ஒரு லாக் புக்கை நம்பித்தான் 2002ல் அமெரிக்காவில் லட்சக்கணக்கான டாலரை ரேஸில் கொட்டினார்கள்.

ரேஸில் பணம் கட்ட இரண்டு வழி. புக்கியிடம் கட்டலாம், அவர் சொல்லும் விகிதம்தான் விலை. இல்லையென்றால் டோட். டோட்டில் எல்லார் பணமும் ஒரே தொட்டியில் விழும். அதில் கிளப்புக்கும் அரசுக்கும் உள்ள பங்கை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். அதாவது டோட்டில் ஒருவன் திருடினால் நஷ்டம் கிளப்புக்கு இல்லை. அதே தொட்டியில் பணம் போட்ட மற்றவர்களுக்குத்தான் நஷ்டம். இதை ரேஸ் ரசிகர்களே பலர் யோசிப்பதில்லை!

2002 அக்டோபர் 26, சிகாகோ பக்கத்தில் ஆர்லிங்டன் பார்க், பிரீடர்ஸ் கப் பந்தயங்கள். 'பிக் சிக்ஸ்' என்று ஒரு பந்தயம்: வரிசையாக ஆறு ரேஸில் ஜெயிக்கும் குதிரைகளையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஏற்பாட்டில், வெளியூர் பந்தயக் கூடங்களில் கட்டிய பிக் சிக்ஸ் டிக்கெட்டில் எவ்வளவு பணம் என்பது மட்டும்தான் உடனே தலைமைக் கணினிக்குப் போகும். எந்தெந்தக் குதிரை என்ற விவரம் நாலாவது ரேஸ் முடிந்த பிறகுதான் போகும். டேட்டா அதிகமாம், லைன் தாங்காதாம். அதுவரைக்கும் அந்த விவரம் எங்கே இருக்கும்? உள்ளூர் கணினியில், ஒரு புரோகிராமரின் கைக்கெட்டும் தூரத்தில்.

அந்த டோட்டை நடத்திய ஆட்டோடோட் கம்பெனியின் புரோகிராமர் கிறிஸ் ஹார்ன். கல்லூரி நண்பன் ஒருவன் போனில் பந்தயம் கட்டினான். முதல் நாலு ரேஸ் முடிந்ததும் ஹார்ன் உள்ளே புகுந்து, ஜெயித்த நாலு குதிரைகளை அந்த டிக்கெட்டில் எழுதிவிட்டார். கடைசி இரண்டு ரேஸுக்கு ஓடுகிற குதிரை எல்லாவற்றின் மேலும் ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது. தோற்க வழியே இல்லை. மொத்தம் 30 லட்சம் டாலருக்கு மேல் விழுந்தது.

மாட்டியது எப்படி என்பதுதான் வேடிக்கை. எந்த ஆடிட்டும் பிடிக்கவில்லை, எந்த அலாரமும் அடிக்கவில்லை. கடைசி ரேஸில் வோல்போனி என்று யாருமே சீந்தாத, ஒன்றுக்கு 43 விகிதத்தில் இருந்த குதிரை முதலில் வந்து தொலைத்தது. ஜெயித்த டிக்கெட் மொத்தம் ஆறு, ஆறும் ஒரே ஆளுடையது. ஊரே திரும்பிப் பார்த்தது. எல்லாரும் எதிர்பார்த்த குதிரை ஜெயித்திருந்தால் பரிசு பலருக்குப் பிரிந்திருக்கும், யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. ஜெயித்தும் யாரும் பணம் வாங்க வராத டிக்கெட்டுகளைத் தேடியெடுத்து, அதே மாதிரி போலி டிக்கெட் அடித்தும் பணம் பார்த்திருக்கிறார்கள். மூவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்கள். மூளையாக இருந்த ஹார்னுக்கு, மற்றவர்களைக் காட்டிக்கொடுத்த புண்ணியத்தில், ஒரு வருஷமும் ஒரு நாளும்!

சரி, நம்ம ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1974ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. 1986ல் கிண்டி ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. 1996 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், ரேஸ் சூதாட்டமல்ல, திறமை விளையாட்டு என்று தீர்ப்புச் சொன்னது. அன்றிலிருந்து ரேஸைப் பற்றி யார் வாய் திறந்தாலும் "கோர்ட்டே சொல்லிவிட்டது" என்பதுதான் பதில். கோர்ட் எதைச் சொன்னது? குதிரையின் பரம்பரை, பயிற்சி, ஜாக்கியின் திறமை இதையெல்லாம் எடைபோட்டுத்தான் பந்தயம் கட்டுகிறார்கள் என்றது. கட்டின பணத்தின் கணக்கு பத்திரமா என்பது அந்த வழக்கின் கேள்வியே இல்லை. பன்னிரண்டு குதிரையின் ஜாதகத்தையும் கரைத்துக் குடித்தவர்கூட, ரேஸ் முடிந்த பிறகு டிக்கெட் எழுதுகிறவனை ஜெயிக்க முடியுமா?

அரசாவது அதைக் கேட்டதா என்றால், அதன் சண்டை நிலத்தோடு. கிண்டியில் 160 ஏக்கர், 1945ல் 99 வருஷக் குத்தகை, வருஷ வாடகை 614 ரூபாய் 13 அணா (அணாவைக்கூட விடவில்லை!). பாக்கி 730 கோடி என்று கணக்குப் போட்டு, 2024 செப்டம்பரில் சீல் வைத்தார்கள். அதே வருஷம் ஜூனில் ஊட்டி மைதானத்தையும் எடுத்துக்கொண்டார்கள். வாடகை கேட்டது நியாயம்தான். ஆனால் டோட் கணினியைத் திறந்து காட்டு என்று கேட்பதற்கு 160 ஏக்கர் விவகாரம் தடையா என்ன?

மத்திய அரசுக்கு வரி போதும். 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 40 ஆகிவிட்டது. ரசீது போட்டால் 40 சதவீதம், வாய்மொழியாகக் கட்டினால் வரியே இல்லை என்றால் பணம் எந்தப் பக்கம் ஓடும்? 2024 ஜனவரியில் பெங்களூர் டர்ஃப் கிளப்பில் புக்கிகளிடம் போலீஸ் சோதனை போட்டது, ஜிஎஸ்டி ஏய்ப்பு என்ற குற்றச்சாட்டில்தான். கோடிக்கணக்கில் ரொக்கம் பிடிபட்டது. ரசீது இல்லாத பந்தயத்தில் ஏமாந்தவன் எதைக் காட்டிப் புகார் கொடுப்பான்?

"அதனால்தான் மொத்தமாகத் தடை செய் என்கிறோம்" என்பவர்கள் கொஞ்சம் பக்கத்து ஊரைப் பார்க்க வேண்டும். லாட்டரியை 2003லேயே தடை செய்தாயிற்று. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளி, மனைவி, மூன்று பெண் குழந்தைகள் என ஒரு குடும்பமே போனது, தடை செய்யப்பட்ட மூன்று நம்பர் லாட்டரிக் கடனால். நெய்வேலியிலிருந்து விழுப்புரம் எவ்வளவு தூரம்? மூன்று நம்பர் லாட்டரியில் டிக்கெட் இல்லை, கணினி இல்லை. ஏஜெண்டின் துண்டுச் சீட்டுதான் லாக் புக். சட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டதால் அதைச் சரிபார்க்கவும் ஆளில்லை.

இதற்குத் தீர்வு கம்ப்யூட்டர் சயன்ஸ் இரண்டாம் வருஷப் பாடத்திலேயே இருக்கிறது. ரேஸ் கேட் திறக்கும் நொடியில் அத்தனை டிக்கெட் விவரத்தையும் ஒரு ஹாஷ் எண்ணாகச் சுருக்கி மைதானத்து போர்டில் போட்டுவிட வேண்டும். பிறகு ஒரு டிக்கெட்டில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் ஒத்துவராது, யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். யாரும் வாங்க வராத பரிசுப் பணத்தின் கணக்கையும், டோட் நடத்தாத வேறொரு ஆள் தணிக்கை செய்து வெளியிட வேண்டும். பெரிய செலவொன்றும் இல்லை. இந்தியாவில் ஜாக்பாட் என்று ஐந்து ரேஸுக்கு வரிசையாகப் பணம் வாங்குகிற எந்தக் கிளப்பின் கவுண்டரிலும் ஒருவர் கேட்டுப் பார்க்கலாம்: முதல் ரேஸ் ஓடிய பிறகு என் டிக்கெட் எந்தக் கணினியில் இருக்கிறது, அதைத் திருத்தும் பாஸ்வேர்டு எத்தனை பேரிடம் இருக்கிறது?